அடி விழும் வீட்டில் குழந்தையும் இருந்தால்: களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சமூகப்பணி படித்துவிட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ, ஏதாவது தொண்டு நிறுவனத்திலோ சேர்கிறவர்களுக்குச் சீக்கிரமே இப்படி ஒரு கேஸ் வந்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து தகவல்: ஐந்தாவது படிக்கிற பையன் வகுப்பில் தூங்கி விழுகிறான், அடிக்கடி லீவு, கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். விசாரித்தால், அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவைப் போட்டு அடிக்கிறார். பையன் மேல் கை வைத்ததில்லை. இது குழந்தைகள் கேஸா, பெண்கள் கேஸா என்று அலுவலகத்தில் பேச்சு நடக்கும். சமூக நல அலுவலகம் ஒரு பக்கம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு இன்னொரு பக்கம், கோப்பு நடுவில் நிற்கும்.

இது அபூர்வமான கேஸ் என்று நினைக்க வேண்டாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்குமான அளவு 29 சதவீதம். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

புதியவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். குழந்தையைக் காக்க வேண்டுமென்றால் அம்மாவோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். எழுதும்போது அடிக்கிறவர் செய்வதை எழுதுங்கள். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வீட்டுக்குப் போகும் முன்

நீங்கள் போய்விட்டு வந்த அன்று இரவே அந்தப் பெண்ணுக்கு அடி விழக்கூடும். “யாருகிட்டடி சொன்ன?” என்ற கேள்வியில்தான் அது ஆரம்பிக்கும். அதனால் முதல் சந்திப்பை வீட்டில் வைக்காமல் இருப்பது நல்லது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் இடம் ஆகியவற்றுக்கு ஒரு பெண் காரணம் சொல்லாமல் வந்து போகலாம். தலைமையாசிரியர் ‘பையனின் ஸ்காலர்ஷிப் விஷயம்’ என்று கூப்பிட்டு அனுப்பினால் யாருக்கும் சந்தேகம் வராது. கிராம சுகாதாரச் செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் அந்தத் தெருவின் கதை முழுக்கத் தெரியும். ஆனால் அவர்களில் யார் அந்தக் குடும்பத்துக்கு உறவு என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கே போக வேண்டிய நிலை வந்தால் தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று அலுவலகத்தில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். வண்டியைச் சாலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கணவர் வீட்டில் இருந்தால் அடிதடி பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், தடுப்பூசி, பள்ளி வருகை என்று பொதுவாகக் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து “என்னங்க பிரச்சினை?” என்று கேட்பதைவிட மோசமான ஆரம்பம் கிடையாது. மாமியார் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான்.

அம்மாவிடம்

அடிக்கிறாரா என்று கேட்டால் பெரும்பாலும் “அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம், வீட்டுக்கு வீடு வாசப்படி” என்றுதான் பதில் வரும். கேள்வியைக் குழந்தை வழியாகக் கொண்டு போங்கள். “ராத்திரி தம்பி சரியா தூங்குறானாக்கா?” “அவங்க அப்பா வர்ற நேரத்துல அவன் என்ன பண்ணுவான்?” இந்த இரண்டு கேள்விகளுக்குப் பிறகு முழுக்கதையும் வந்துவிடுவதுண்டு. தன் மேல் விழுகிற அடியைப் பொறுத்துக்கொள்ளப் பழகிய பெண்ணும், பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வதைச் சொல்லும்போது உடைந்துபோவார்.

அவர் பேச ஆரம்பிக்கும் முன்னாலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எதை நீங்கள் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்பது அது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருப்பதாகத் தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு அதில் விருப்பத் தேர்வு இல்லை. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. இதை எல்லாம் கேட்டு முடித்த பிறகு சொன்னால், ஏமாற்றி வாங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றும். அந்த நம்பிக்கை திரும்பி வராது.

“ஏன் இன்னும் அந்த வீட்லயே இருக்கீங்க?” என்று கேட்காதீர்கள். காரணங்கள் உங்களுக்கே தெரியும்: கையில் காசில்லை, அம்மா வீட்டில் தம்பி கல்யாணம் நிற்கிறது, பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வேன் என்று கணவர் மிரட்டியிருக்கிறார். அதற்குப் பதிலாக, பிள்ளைகளை அடி படாமல் வைத்திருக்க அந்த அம்மா இதுவரை என்னென்ன செய்திருக்கிறார் என்று கேளுங்கள். சாயங்காலமே சோறு போட்டுத் தூங்கவைத்தது, பக்கத்து வீட்டு டிவிக்கு அனுப்பியது, கணவரின் கோபம் பிள்ளை பக்கம் திரும்பும்போது வேண்டுமென்றே குறுக்கே பேசித் தன் பக்கம் திருப்பிக்கொண்டது என்று ஒரு பெரிய பட்டியலே வரும். அதுதான் உங்கள் வேலைக்கு அடித்தளம்.

ஆபத்து எவ்வளவு?

எல்லா வீட்டையும் ஒரே வேகத்தில் கையாள முடியாது. சில விஷயங்கள் காதில் விழுந்தால் மற்ற வேலையை வைத்துவிட்டு அன்றைக்கே மேலதிகாரியிடம் பேசுங்கள். கணவர் கழுத்தை நெரித்திருக்கிறார் என்பது எல்லாவற்றுக்கும் மேலே வருகிறது. ஒரு தடவைதான், காயம் எதுவும் இல்லை என்று அந்தப் பெண் சொன்னாலும் விடாதீர்கள். அரிவாள், மண்ணெண்ணெய் போன்றவற்றைக் கையில் எடுத்தது, கொன்றுவிடுவேன் அல்லது பிள்ளைகளோடு செத்துப்போவேன் என்று மிரட்டியது, கர்ப்பமாக இருந்தபோது அடித்தது, எங்கே போனாலும் பின்தொடர்வது, அடி சமீபத்தில் அடிக்கடி விழ ஆரம்பித்திருப்பது எல்லாமே பெரிய ஆபத்தின் அடையாளங்கள். அந்தப் பெண்ணே தற்கொலை பற்றிப் பேசினால் அதையும் அதே தீவிரத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்தப் பெண் வீட்டை விட்டுக் கிளம்பும் நாளும் அதற்கு அடுத்த வாரங்களும்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் காலம். ‘வெளியே வந்துவிட்டார், இனி நிம்மதி’ என்று கோப்பை மூடுகிற பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. அது தப்பு.

குழந்தையிடம்

விசாரணை மாதிரி கேட்காதீர்கள். அப்பா நல்லவரா கெட்டவரா என்று எந்தக் குழந்தையையும் தீர்ப்புச் சொல்ல வைக்காதீர்கள். பெரும்பாலும் அதற்கு அப்பாவையும் பிடிக்கும். தரையில் உட்கார்ந்து வீட்டை வரையச் சொல்லலாம். யார் எங்கே தூங்குவார்கள், சத்தம் வந்தால் நீ எங்கே இருப்பாய் என்று படத்தை வைத்தே கேட்கலாம். “அப்பா வர்றது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுப் பாருங்கள். பைக்குக்கு ஸ்டாண்ட் போடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு அப்பா எப்படி என்று சொல்லிவிடுகிற பிள்ளைகள் உண்டு. மெதுவாகப் போட்டால் பயமில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்தால் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை இதைக் கணக்கு வாய்ப்பாடு போல் ஒப்பிக்கும்போது, ‘குழந்தை மேல் கை வைத்ததில்லை’ என்ற வரிக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே புரியும்.

வயதுக்கேற்ப அறிகுறிகள் மாறும். சின்னப் பிள்ளைகள் மறுபடி படுக்கையை நனைக்கும், அம்மாவை விட்டு நகராது. பள்ளி வயதில் வயிற்றுவலி, தலைவலி, கவனக்குறைவு வரும். வளர்ந்த பையன்கள் குறுக்கே பாய்ந்து அடி வாங்குவார்கள், அல்லது அப்பாவைப் போலவே தங்கையை அடிப்பார்கள். இவை வேறு காரணங்களாலும் வரலாம் என்பதால், அறிகுறியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

கிளம்பும் முன் “இது உன் தப்பு இல்ல கண்ணு” என்று சொல்லிவிட்டு வாருங்கள். தான் மார்க் குறைவாக எடுத்ததால்தான் சண்டை என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய. “நான் எல்லாத்தையும் சரி பண்ணிடுறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எழுதுவது

புதியவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இதைத்தான். கூட்டத்தில் நீங்கள் வாயால் சொல்வது மறந்துபோகும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகள் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவும் மாஜிஸ்திரேட்டும் படிக்கப்போவது உங்கள் அறிக்கையை.

வழக்கமாகக் கோப்பில் பார்க்கிற வரி இது: “பெற்றோரிடையே அடிக்கடி தகராறு ஏற்படுகிறது. தாய் குழந்தைகளைப் பாதுகாக்கத் தவறியுள்ளார்.” இந்த இரண்டு வரியில் அடித்தவர் காணாமல் போய்விட்டார். ‘தகராறு’ தானாக ஏற்படுகிறது. பழி அடி வாங்கியவர் மேல். இதையே இப்படி எழுதலாம்: “தந்தை வாரத்தில் மூன்று நாள் இரவு தாயைக் கையாலும் பெல்ட்டாலும் அடிக்கிறார். கடந்த மாதம் அரிசி வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்துச் சென்றதால் பிள்ளைகள் இரண்டு வேளை பட்டினி. மகன் தூக்கமின்றி வகுப்பில் உறங்குகிறான். அடி விழும் நேரங்களில் தாய் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்.” யார் என்ன செய்தார், அது குழந்தையை எப்படித் தொட்டது, அம்மா என்ன செய்து காத்தார் என்பது எல்லாம் வந்துவிட்டது. சொன்னவரின் வார்த்தையை அப்படியே மேற்கோளில் போடுங்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அம்மா அடி வாங்குவதையே அவருடைய குற்றமாக்கும் வழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை. நியூயார்க் நகரத்தில் அடி வாங்கிய தாய்மார்களிடமிருந்து, ‘குழந்தை அதைப் பார்க்கும்படி விட்டுவிட்டார்’ என்ற காரணத்தைச் சொல்லியே பிள்ளைகளை அரசுப் பணியாளர்கள் எடுத்துச் சென்றார்கள். நிக்கல்சன் வழக்கு என்று பேர் பெற்ற வழக்கில் 2004இல் அந்த மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தாய் அடிபடுவதைக் குழந்தை பார்த்தது என்பது மட்டுமே தாயின் புறக்கணிப்பு ஆகாது என்றது. இங்கே அந்தத் தீர்ப்பு செல்லாதுதான். ஆனால் பிள்ளையை இல்லத்தில் சேர்க்கச் சொல்லிப் பரிந்துரை எழுதப் பேனாவை எடுக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தால் நல்லது.

எந்த அலுவலகம், எப்போது

இரண்டு சட்டங்களை ஒன்றாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும்.

முதலாவது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. உடல் அடி மட்டுமல்லாமல் பாலியல், வசவு, பணத்தைப் பறிப்பது எல்லாம் இதில் அடங்கும். மாவட்டத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கையை, அதாவது டி.ஐ.ஆர்., படிவம் 1இல் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். புகாரை அந்தப் பெண்தான் தர வேண்டும் என்றில்லை. நல்லெண்ணத்தோடு யார் தகவல் சொன்னாலும் அவர்கள் மேல் வழக்கு வராது என்கிறது பிரிவு 4. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம் என்பதால், அம்மா வீட்டுக்கு வந்துவிட்டவர் புகுந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

புதியவர்கள் இந்தச் சட்டத்தைப் பெண்கள் சட்டம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். குழந்தைக்கான விஷயம் இதற்குள் நிறைய இருக்கிறது. குழந்தையின் பள்ளிக்குள் அடிக்கிறவர் வரக்கூடாது என்று பிரிவு 18இல் உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டு அவரை வெளியேறச் சொல்லும் உத்தரவு பிரிவு 19இல். பிள்ளைகள் அதே தெருவில், அதே பள்ளியில் இருந்துகொள்ளலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது என்ற சாக்கும் எப்போதும் எடுபடாது. புகுந்த வீட்டார் பெயரிலுள்ள வீடும் ‘பகிர்ந்து வாழும் வீடு’ ஆகலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகூஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களை வெளியேற்றும் உத்தரவு மட்டும் கிடைக்காது, அதனால் மாமியார் அங்கேதான் இருப்பார். பிள்ளைகளுக்கான செலவுப் பணம் பிரிவு 20. தற்காலிகப் பொறுப்பு பிரிவு 21. அப்பா வந்து பார்ப்பது குழந்தைக்குத் தீங்கு என்று தோன்றினால் அதை மாஜிஸ்திரேட் மறுக்க வேண்டும். அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு போடப் பிரிவு 23 இருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இளைஞர் நீதிச் சட்டம், 2015. குழந்தையோடு வசிப்பவரே அதைக் காயப்படுத்தினால், கொடுமைப்படுத்தினால், புறக்கணித்தால் அது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அடியைப் பார்த்து வளரும் குழந்தை என்று தனியாக ஒரு வகை அதில் இல்லை. ஆனால் பொறுப்பில் இருக்கும் ஒருவர் குழந்தைக்குத் தேவையற்ற மன வேதனை தருவதும் பிரிவு 75இன் கீழ் வரும். குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை நிறுத்துவதென்றால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். அதே சட்டத்தின் பிரிவு 3, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்கிறது. அம்மாவோடு சேர்த்தே காக்க முடியும் என்று உங்கள் அறிக்கை காட்டினால் குழு அதற்கு வழிசெய்யும். குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப்பாக, அதாவது பிள்ளையை வளர்க்கும் உதவித்தொகையாக, மாதம் 4,000 ரூபாய் இருக்கிறது. கைவிடப்பட்ட, விவாகரத்தான தாயின் பிள்ளைகளும் வருமான வரம்புக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை இல்லத்துக்குப் போவதை இதைக் கொண்டு தடுக்கலாம்.

காவல் நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இன்றைக்கு மாநிலம் முழுக்க உண்டு. பல பெண்கள் முதலில் போவது அங்கேதான். அங்கே அடிக்கடி நடப்பது, இருவரையும் கூப்பிட்டு, ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்துவைத்து அனுப்புவது. கூட நீங்கள் போனால் குறைந்தது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் வராதீர்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனை, அங்கே காயத்தைப் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பி. ‘கீழே விழுந்துட்டேன்’ என்று அங்கே எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. கணவரின் கொடுமைக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 498ஏ என்றிருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 85. வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் சட்ட உதவி இலவசம், 15100இல் கூப்பிடலாம்.

எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

கிளம்பும் நாளுக்குத் தயாராவது

கிளம்பும் திட்டத்தை அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து போடுங்கள். நீங்களே எழுதிக் கையில் கொடுக்காதீர்கள். அந்தக் காகிதம் வீட்டில் அகப்பட்டால் அதற்கும் அடிதான். ஆதார், குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, பாஸ்புக், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவரின் போனில் வைக்கச் சொல்லுங்கள். அவருடைய போனில் வேண்டாம், கணவர் அதைப் பார்ப்பார். 181க்கு அழைத்த பதிவும் அழிக்கப்பட வேண்டும். போட்டுக்கொண்ட நகைகளுக்கு ஒரு பட்டியல், பில் இருந்தால் அதுவும். கையில் பஸ் காசில்லாவிட்டாலும் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட முடியும் என்பது இங்கே உண்மையிலேயே உதவும் விஷயம்.

பிள்ளைகளுக்கும் ஒரு திட்டம் வேண்டும். சண்டை நடக்கும்போது நடுவில் போகக்கூடாது, சமையலறைக்குள் ஒளியக்கூடாது, எந்த வீட்டுக்கு ஓட வேண்டும், யார் போனிலிருந்து 112ஐ அழைக்க வேண்டும். “பாட்டிக்கு மாத்திரை வாங்கணுமா?” என்பது போல் அம்மாவும் பிள்ளையும் மட்டும் அறிந்த ஒரு வாக்கியம் இருந்தால், சத்தமில்லாமல் தகவல் சொல்லிவிடலாம். ஆனால் கிளம்பும் தேதியைச் சின்னப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். அதைச் சுமக்கிற பாரம் அவர்களுக்கு வேண்டாம்.

ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கலாம். பையன்களுக்கு அங்கேயும் பெண்கள் தங்குமிடங்களிலும் வயது வரம்பு உண்டு. பதினான்கு வயது மகனை எங்கே விடுவது என்று தெரியாமலேயே பல பெண்கள் அடி வாங்கும் வீட்டுக்குத் திரும்பிப் போகிறார்கள். கிளம்பும் நாளுக்கு முன்பே போன் போட்டுக் கேட்டு, பையனுக்கு ஒரு சித்தி வீட்டையோ அரசு விடுதியையோ ஏற்பாடு செய்துவிடுங்கள். தாயும் மகனும் வாரம் ஒரு தடவையாவது பார்க்கிற மாதிரியும் பாருங்கள்.

உத்தரவு கிடைத்த பிறகு

புதுப் பள்ளியில் சேர்க்கும்போது பழைய பள்ளிக்கு டி.சி. கேட்டுப் போகும் கடிதத்தாலேயே அப்பாவுக்கு இடம் தெரிந்துவிடலாம். தலைமையாசிரியரிடம் முன்பே பேசி, விவரத்தை யாருக்கும் தரக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். நீதிமன்ற உத்தரவின் நகலையும் சேருங்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை.

அப்பா பிள்ளையைப் பார்க்க நீதிமன்றம் அனுமதித்திருந்தால், கைமாற்றும் இடமும் நேரமும் உத்தரவிலேயே இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டு வாசல், டீக்கடை போன்ற இடங்கள் வேண்டாம். பிள்ளையிடமிருந்து அம்மாவின் புது முகவரியைக் கறக்கப் பார்ப்பார் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பார்த்துவிட்டு வந்த அன்று குழந்தை எப்படி இருந்தது என்று அம்மாவைத் தேதியோடு குறித்துவைக்கச் சொல்லுங்கள். உத்தரவை மாற்றக் கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சமாதானம் பேசி நாளைக் கடத்தாமல் அன்றே மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். தேவைப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இருக்கிறது.

சில பெண்கள் திரும்பிப் போவார்கள். அலுவலகத்தில் “இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்” என்று யாராவது சொல்வார்கள். கோப்பை மூடாதீர்கள். ஸ்கூல் டீச்சர் மூலமாகவோ அங்கன்வாடி மூலமாகவோ மாதம் ஒரு தடவை பிள்ளையைப் பற்றி விசாரிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புத் திட்டத்தைப் புது நிலைமைக்கு ஏற்றபடி மறுபடி போடுங்கள். நீங்கள் வேலை மாறினால் அடுத்து வருகிறவரை அந்த அம்மாவிடம் நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டிய அவசியம் வராதபடி, கோப்பின் முதல் பக்கத்தில் நடந்தவற்றை ஒரே தாளில் எழுதி வையுங்கள்.